ஒரு நாளுக்காக ஒரு கார்

இரண்டு வருஷங்களுக்கு முன்பு என் சின்ன மின்சாரக் காரை விற்றுவிட்டுப் பெரிய மின்சாரக் கார் ஒன்றை வாங்கினேன். அதைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர், "இப்பொழுதுதான் ஐயா நீர் கார் வைத்திருக்கிறீர்!" என்று என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அப்படியானால் அதற்கு முந்தைய ஒன்பது வருஷங்கள் நான் வைத்திருந்தது என்ன? அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றேன். அன்று கேட்காமல் விட்ட கேள்வியை இன்று கேட்கிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறி நிற்பவன் நான்தான்.

பெங்களூரில் 2001-ல் விற்பனைக்கு வந்து, பிறகு லண்டன் வீதிகள் வரைக்கும் போய்ப் பெயர் வாங்கிய ரேவா என்ற குட்டிக் காரை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். என் பழைய கார் அந்தப் பரம்பரையில் வந்தது. இரண்டே கதவுகள். நான்கு பேர் உட்காரலாம். நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பிரியமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எடை 800 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு தடவை சார்ஜ் செய்தால் 100 கிலோமீட்டர் போகும் என்றார்கள். வயதாக ஆக அது 70-க்கு இறங்கியது. பாட்டரிக்கும் மூப்பு உண்டு, அதைக் குறை சொல்வானேன்? மேற்கு மாம்பலத்துச் சந்துகளில் அது திரும்பாத திருப்பம் கிடையாது. மாடு குறுக்கே நின்றால் மாட்டைச் சுற்றிக்கொண்டு போகும்.

புதிய காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் வழக்கு அதைச் செய்த கம்பெனியோடு அல்ல, என்னோடும் உங்களோடும்தான். அதன் எடை ஒன்றரை டன். அதில் பாட்டரி மட்டுமே சுமார் 300 கிலோ. வாங்கும்போது 400 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்றார்கள். சோதனைக்கூடத்தில் உருளையின்மேல் ஓட்டிக் கணக்கிடும் தூரம் வேறு, சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் போகும் தூரம் வேறு என்பது பிற்பாடுதான் புரிந்தது. எனக்கு 280 கிடைக்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: சவாரி சுகமாக இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் இடுப்பு வலிப்பதில்லை. விபத்தில் காப்பாற்றக் காற்றுப் பைகள் இருக்கின்றன. இவை உண்மையான நன்மைகள். ஆனால் இவற்றுக்காகவா நான் கார் மாற்றினேன்? இல்லை.

இரண்டு காரணங்கள். ஒன்றை எல்லோரிடமும் சொன்னேன். மற்றதை யாரிடமும் சொல்லவில்லை.

சொன்ன காரணம் இது. என் தமக்கை வேலூரில் இருக்கிறாள். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அவளுக்கு நெஞ்சு வலி என்று போன் வந்தது. வேலூர் 140 கிலோமீட்டர். வாசலில் நின்ற என் காரால் பாதி வழிதான் போக முடியும். என் மனைவி அதை ஒரு தடவை பார்த்தாள், என்னையும் ஒரு தடவை பார்த்தாள். "ஆத்திர அவசரத்துக்கு உதவாத வண்டி என்னத்துக்குங்க?" என்றாள். வாடகைக் காருக்குச் சொல்லியனுப்பி, அது வந்து சேர அரை மணி ஆயிற்று. அந்த அரை மணி நேரம் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் புரட்டுகிறது. அக்கா பிழைத்துக்கொண்டாள். கார் பிழைக்கவில்லை, இரண்டே மாதத்தில் விற்றுவிட்டேன்.

சொல்லாத காரணம், வெட்கம். கல்யாண மண்டபத்து வாசலில் அந்தக் குட்டிக் காரிலிருந்து இறங்கும்போது, "பொம்மைக் கார் வந்துவிட்டது!" என்று குழந்தைகள் சிரிக்கும். குழந்தைகள் சிரித்தால் தாங்கலாம். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பெரியவர்கள் சிரிக்காமல் இருக்கிறார்களே, அதைத் தாங்க முடியாது. வேலூர் ராத்திரி எனக்குக் கிடைத்த கௌரவமான சாக்கு. மனைவியின் கேள்வியில் நியாயம் இருந்தது. என் அவசரத்தில்தான் இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். பழைய காருக்குக் கிடைத்தது போக நான் கைவிட்டுக் கொடுத்த பணம் 12 லட்சம் ரூபாய். வேலூருக்கு வாடகைக் காரில் போய்வர 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பணத்தில் 150 தடவை போய் வரலாம். இந்த இரண்டு வருஷத்தில் நான் போனது ஆறு தடவை. கும்பகோணத்துக்கும் மதுரைக்கும் முன்போலவே ரயிலில்தான் போகிறேன். மற்ற நாட்களிலெல்லாம் தினம் 20 கிலோமீட்டருக்குள்தான் என் பிரயாணம்: பாண்டி பஜார், பத்திரிகை ஆபீஸ், டாக்டர் வீடு. ஆக, 280 கிலோமீட்டர் போகக்கூடிய பாட்டரியை முதுகில் கட்டிக்கொண்டு தினமும் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கப் போகிறேன். நூறு வீட்டுச் சமையலுக்கான அண்டாவில் ஒருவனுக்குக் கஞ்சி வைப்பது போல!

இது புதிய பைத்தியமும் அல்ல. 1899-ல் பாரிஸுக்கு அருகே பெல்ஜியத்துக்காரர் காமில் ஜெனாட்ஸி ஒரு மின்சாரக் காரை மணிக்கு 100 கிலோமீட்டருக்குமேல் ஓட்டினார். சாலை வண்டி ஒன்று அந்த வேகத்தைத் தாண்டியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அந்தக் காருக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர். 'என்றும் திருப்தியடையாதவள்' என்று அர்த்தம். பெயர் வைத்தவர் நம்மையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் வைத்தாரோ என்னவோ! ஆனால் இன்னொரு பெண்மணியும் உண்டு. பெட்ரோல் காரை வீதிக்கு வீதி நிறுத்திய ஹென்றி போர்டின் மனைவி கிளாரா, ஊருக்குள் போய்வர வைத்திருந்தது 1914-ம் வருஷத்து 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்ற மின்சாரக் கார். ஒரு சார்ஜுக்கு 80 மைல் என்று அந்தக் கம்பெனி விளம்பரம் செய்தது. கோடீசுவரர் வீட்டு அம்மாளுக்கு அது போதுமாயிருந்தது. மேற்கு மாம்பலத்து எழுத்தாளனுக்குப் போதவில்லை!

"உம் பணம், உம் கார், எங்களுக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு வண்டிகளுக்கும் சுவரில் இருக்கும் மீட்டரைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். பழைய கார் 100 கிலோமீட்டருக்கு 11 யூனிட் குடித்தது; புதியது 16 யூனிட் குடிக்கிறது. வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் என்றால் 400 யூனிட் கூடுதல். இந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் பிறக்கிறது. ஒரு யூனிட்டுக்கு அரை கிலோவுக்குக் குறையாமல் எரிக்க வேண்டும். என் கௌரவத்துக்காக மட்டும் வருஷத்துக்கு 200 கிலோ கரி! அந்தக் கரியின் சாம்பல் என் வீட்டு மொட்டை மாடியில் விழுவதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் படிகிறது. அங்கே வலை வீசுகிறவன் வீட்டில் விழுகிறது. என் காருக்குப் பச்சை நம்பர் பலகை மாட்டியிருக்கிறார்கள். பச்சை எனக்கு, சாம்பல் அவனுக்கு.

சர்க்காரும் இதற்குத் துணை. 2025 செப்டம்பரில் மாற்றிய ஜி.எஸ்.டி.யில் பெட்ரோல் கார்களுக்குச் சின்னது 18 சதவீதம், பெரியது 40 சதவீதம் என்று பேதம் வைத்தார்கள். நல்ல பேதம். மின்சாரக் கார் என்றால் மட்டும் குட்டிக்கும் 5, கோடி ரூபாய் ரதத்துக்கும் 5! மின்சாரம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் பெருந்தீனிக்கும் புண்ணியக் கணக்கு.

பெட்ரோலுக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. அது இதைவிடப் பாவம். தினம் தினம் வேலூருக்குப் போகிறவர் பெரிய பாட்டரி வாங்கட்டும். அது அவர் தொழில். வீட்டில் நித்திய நோயாளி இருப்பவரோடும் எனக்குத் தகராறு இல்லை. என் சண்டை, வருஷத்தில் ஒரு நாளைக் காட்டி மிச்சமிருக்கும் நாட்களையெல்லாம் ஏமாற்றும் நம் மத்தியதர மனப்பான்மையோடுதான். ஒரு நாள் விருந்தாளிக்காகப் பெரிய வீடு, ஒரு நாள் கல்யாணத்துக்காகக் கடன், ஒரு நாள் பிரயாணத்துக்காக ஒன்றரை டன் கார். சின்ன மின்சாரக் கார்கள் இன்றும் ஒன்றிரண்டு கடைக்கு வருகின்றன. அவற்றைப் பார்த்து நாம் முதலில் கேட்பது, "தூரம் எவ்வளவு போகும்?" என்றுதான். "நான் எவ்வளவு தூரம் போகிறேன்?" என்று யாரும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை.

கடைசியாக ஒன்று. என் வீட்டு வாசலில் வேப்ப மரம் ஒன்று உண்டு. பழைய கார் நின்றதுபோக மீந்த நிழலில் ஒரு கீரைக்கார அம்மாள் காலை நேரத்தில் கூடையை வைத்துக்கொண்டு உட்காருவாள். புதிய கார் வந்த மறுநாள் அவள் எதிர்ச் சாரியில், வெயிலில் உட்கார்ந்திருந்தாள். நான் சங்கடத்தோடு அருகில் போனேன்.

"பரவாயில்லீங்க ஐயா. வண்டி பெரிசாயிடுச்சு இல்ல?" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

இரண்டு வருஷமாக அவள் அந்த வெயிலில்தான் இருக்கிறாள். என் கார் நிழலில் நிற்கிறது.