தங்கத்துக்குப் பூட்டு! திராவகத்துக்கு?

தங்கத்தை வீட்டில் எங்கே வைப்போம்? பெட்டியில் வைப்போம். பெட்டியைப் பூட்டுவோம். சாவியை இடுப்பில் செருகிக்கொள்வோம்.

ஆனால், நகை செய்கிற பல வீடுகளில் நடப்பது என்ன? தங்கத்துக்குப் பூட்டு இருக்கிறது. திராவகத்துக்குப் பூட்டு இல்லை. சிந்திய பொடியைத் துளி விடாமல் கூட்டி எடுக்கிறார்கள். ஊதுகிறவர் நெஞ்சுக்குள் போகும் புகையை யாரும் கவனிப்பது இல்லை.

இது மாற வேண்டும். நகைப் பட்டறை வீட்டில் இருக்கலாம். ஆனால், வீட்டுக்குள் அதற்கென்று ஒரு தனி இடம் வேண்டும். குழந்தைக்கு எட்டாத இடமாக அது இருக்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது.

வீட்டிலே தொழில்

நகைத் தொழில் நம் நாட்டில் பெரும்பாலும் வீட்டிலே வளர்ந்த தொழில். கோவையில் எத்தனையோ வீடுகளில் முன் அறைதான் பட்டறை. நாகர்கோவிலில் உள்ள வடசேரியில் கோவில் நகை செய்கிறார்கள். சிவப்புக் கல் பதித்த அந்த நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சேலத்து வெள்ளிக் கொலுசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள். இன்னொரு வீட்டில் பற்ற வைப்பார்கள். மற்றொரு வீட்டில் மெருகு போடுவார்கள். கொலுசு கடைக்குப் போவதற்குள் பல வீட்டு வாசலை மிதித்துவிடும்.

"வீட்டில் இந்த வேலையே வேண்டாம் என்று சட்டம் போட்டுவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

கூடாது. பொற்கொல்லருக்கு இருக்கும் சொத்து இரண்டு. ஒன்று கை. மற்றொன்று வீடு. அவர் வேலையில் திடீரென்று கை வைத்தால் என்ன ஆகும் என்பதை நாடு ஒரு முறை பார்த்துவிட்டது.

1962ல் சீனப் போர் வந்தது. அதை அடுத்து, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. அப்போது நிதி மந்திரி மொரார்ஜி தேசாய். 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்று உத்தரவு பிறந்தது. 22 காரட் நகை வாங்கிப் பழகிய மக்கள், 14 காரட் நகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாடு முழுவதும் பொற்கொல்லர் வீடுகளில் அடுப்பு அணைந்தது. பல குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. சிலர் உயிரையே விட்டார்கள். 14 காரட் தடை 1966ல் நீங்கியது. 1968ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990ல்தான் ரத்தானது.

ஆகவே, வீட்டுப் பட்டறையை மூட வேண்டாம். அதைத் திருத்துவோம்.

வல்லத்தில் ஒரு பட்டறை

செஞ்சிக் கோட்டை உங்களுக்குத் தெரியும். ராஜா தேசிங்கின் கதை நடந்த கோட்டை. அந்தச் செஞ்சி வட்டாரத்தில் உள்ள ஊர் வல்லம். அங்கே ஒரு இளைஞர் நகை வேலை கற்றுக்கொண்டு, சொந்த வீட்டில் பட்டறை போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தாய் இருக்கிறார். மனைவி இருக்கிறார். தவழும் குழந்தை இருக்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இடம். சமையல் அறை ஆகாது. படுக்கும் அறையும் ஆகாது. திண்ணையின் ஒரு பக்கத்தையோ, தாழ்வாரத்தின் கோடியையோ தடுத்துக்கொள்ளலாம். ஆறடி நீளம், நாலடி அகலம் போதும். இடுப்பளவு பலகைக் கதவு போட்டு, உள்ளே தாழ்ப்பாள் வைத்தால் குழந்தை நுழையாது.

மேலே கீற்றுக் கூரை இருந்தால், அதன் கீழே நெருப்பு வேலை வேண்டாம். ஓடு அல்லது தளம் உள்ள பகுதியே நல்லது. ஒரு வாளி தண்ணீரும், ஒரு வாளி மணலும் கை எட்டும் தூரத்தில் எப்போதும் இருக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். பொடிக் கல்லைப் பதிக்கிற கண்ணுக்குப் பகல் வெளிச்சத்தைப் போல் வேறு இல்லை. ஜன்னல் ஓரம் உட்காருங்கள். ராத்திரி வேலைக்கு, விளக்கு முகத்தில் அடிக்கக் கூடாது. கையில் உள்ள நகை மேல் விழ வேண்டும்.

தரை வெடிப்பு இல்லாமல் இருக்கட்டும். அரம் தேய்க்கும்போது விழும் துகள் வெடிப்புக்குள் போனால், போனதுதான். கோவையில் பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணைக்கூட அரித்துத் தங்கம் எடுக்கிறார்கள்! நம் வீட்டுத் தங்கம் ஏன் சாக்கடைக்குப் போக வேண்டும்? மேல்நாட்டில் பொற்கொல்லர் மேசையில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். அதன் கீழே தோலைத் தொட்டில் போலக் கட்டியிருப்பார்கள். விழுகிற துகள் எல்லாம் அதில் விழும். நாமும் மடிக்கு மேல் ஒரு தட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரு தச்சரிடம் சொன்னால் அந்த மேசையையே செய்து கொடுப்பார். தரையில் குனிந்து குனிந்து ஒடிகிற முதுகுக்கும் அது நல்லது.

நெருப்பும் கியாசும்

அந்தக் காலத்தில் உமி நெருப்பும் ஊதுகுழலும்தான். செஞ்சிப் பக்கம் நெல் விளையும் பூமி. உமிக்குப் பஞ்சம் இல்லை. இப்போது பலர் கியாசுக்கு மாறிவிட்டார்கள்.

சமையல் கியாஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் பரவும். நகை வேலை செய்கிறவர் உட்காருவதும் தரையில்தான்! ஆகவே, காற்று வெளியேற, தரை மட்டத்திலும் ஒரு திறப்பு வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் சிலிண்டரிலேயே மூட வேண்டும். ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா என்று வாரம் ஒரு முறை சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் குழாயை மாற்றுங்கள். வீட்டுச் சமையலுக்குக் கொடுத்த சிலிண்டரைத் தொழிலுக்கு வைப்பது சட்டப்படி தவறு. தொழிலுக்கென்று தனிச் சிலிண்டர் கிடைக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

நெருப்பு சுட்டால் உடனே தெரியும். புகை சுடுவது தெரியாது.

நகையைப் பற்ற வைக்கும் பொடியில் காட்மியம் என்ற உலோகத்தைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. "கே.டி.எம். நகை" என்று கடையில் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் இதிலிருந்து வந்ததுதான். தங்கம் உருக 1,064 டிகிரி சூடு வேண்டும். காட்மியமோ 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகிறவர் அந்த ஆவியைத்தான் மூச்சில் இழுக்கிறார்.

அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து இருமல் வரும். காய்ச்சல் வரும். நெஞ்சு அடைக்கும். சாதாரண ஜுரம் என்று நினைத்து கஷாயம் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். நாள்பட்டால் சிறுநீரகம் கெடும். நுரையீரலில் புற்றுநோயும் வரலாம். காட்மியம் இல்லாத பொடியும் கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள். பொடி ஊதிய நாளில் மூச்சு முட்டினால், தாமதம் செய்யாமல் டாக்டரிடம் போய், என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நைட்ரிக் திராவகத்தில் இருந்து கிளம்பும் செம்பழுப்புப் புகையும் இப்படித்தான். அந்த வேலையை வீட்டுக்குள் செய்யவே கூடாது. முகத்துக்கு முன்னால் இருக்கும் புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறி ஒன்று பட்டறைச் சுவரில் கட்டாயம் வேண்டும். தலைக்கு மேல் சுற்றும் விசிறி புகையை வீடு முழுவதும்தான் பரப்பும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த நேரத்தில் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

தாய்மார்களே, இதைக் கவனியுங்கள்!

திராவகத்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தாகத்தோடு ஓடி வரும் குழந்தைக்கு அது திராவகம் என்று எப்படித் தெரியும்? குடிக்கிற பாட்டிலிலும், சாப்பிடுகிற டப்பாவிலும் பட்டறைச் சரக்கு எதுவும் இருக்கக் கூடாது. தனிப் புட்டி, பெயர் எழுதிய சீட்டு, பூட்டு உள்ள அலமாரி, இந்த மூன்றும் வேண்டும்.

சயனைடு வைத்து மெருகு கொடுக்கிற வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம். அது திராவகத்தோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். ஆளையே கொன்றுவிடும். அந்த வேலைக்கு உரிய இடத்துக்கு நகையைக் கொடுத்து அனுப்புங்கள்.

பழைய நாளில் எடை போட வைத்திருந்த குன்றிமணிகூட விஷம்தான். பார்க்க அழகாக இருக்கிறதே என்று குழந்தை எடுத்துக் கடித்துவிட்டால் ஆபத்து.

திராவகத்தை நீர்க்க வைக்கும்போது, தண்ணீரில்தான் திராவகத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். திராவகத்தில் தண்ணீரை ஊற்றினால் அது பொங்கித் தெறிக்கும். மேலே பட்டுவிட்டால், 20 நிமிடமாவது தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். வேறு எதையும் தடவ வேண்டாம்.

வேலை முடிந்து எழுந்ததும் கை, நகம், முகம் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். பட்டறை வேட்டியை மற்றத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

பணம் யார் கொடுப்பது?

"இருப்பதே ஒண்டுக் குடித்தனம். தனி இடத்துக்கு எங்கே போவது? விசிறிக்குப் பணம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

பலகைக் கதவு, பூட்டு, வாளி, பெயர்ச் சீட்டு, இவற்றுக்கு அதிகச் செலவு ஆகாது. இன்றே செய்யலாம். விசிறிக்கும், காட்மியம் இல்லாத பொடிக்கும் ஆகும் செலவில், வேலை கொடுக்கும் நகைக் கடைக்காரர் பங்கு ஏற்க வேண்டும். ஏன் தெரியுமா? 2021ல் இருந்து படிப்படியாக ஹால்மார்க் கட்டாயம் ஆகிவிட்டது. நகையின் தரம் குறையக் கூடாது என்று கடைக்காரர் ஆசாரியிடம் கண்டிப்பாகக் கேட்கிறார். கேட்கட்டும், நல்லதுதான். நகையின் தரத்தைக் கேட்கிறவர், அதைச் செய்யும் இடத்தின் தரத்தையும் கேட்க வேண்டாமா? கூலியோடு ஒரு விசிறியும் வாங்கிக் கொடுத்தால் அவர் கடை குடி முழுகிப் போகாது.

நகை வாங்குகிற நாமும் சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று பேரம் பேசுகிறோம். பொடியில் காட்மியம் உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்போம். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். நூறு பேர் கேட்டால் மாற்றிவிடுவார்.

வல்லத்து இளைஞர் வேலை தேடிக் கோவைக்கும் சென்னைக்கும் ஓட வேண்டாம். சொந்த ஊரில், சொந்த வீட்டில், நாலு பேருக்கு நகை செய்து கொடுத்துப் பிழைக்கட்டும். அதற்கு முன்னால், அந்தப் பலகைக் கதவைப் போடட்டும். திராவக அலமாரியைப் பூட்டட்டும். தங்கப் பெட்டிச் சாவியோடு இந்தச் சாவியும் சேர்ந்து வீட்டு அம்மாளின் இடுப்பில் இருக்கட்டும்.