கோர்ட்டு வாசலில் தனியே விடலாமா?

பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்கும் தாய் ஒருத்தி. ஒரு நாள் மரம் வெட்டாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. தன் குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்கு நியாயம் கேட்டு அவள் கோர்ட்டுக்குப் போனாள். மூன்று முறை தவணை தள்ளிப் போயிற்று. மூன்று நாள் கூலியும் வண்டிச் செலவும் போயின. லயத்துக்குத் திரும்பினால், "ஏனம்மா இந்த வம்பு? பிள்ளையின் பேர் கெடாதா?" என்ற உபதேசம் வேறு. அவளுடன் துணைக்கு நாம் ஒருவரையும் அனுப்பவில்லை. இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

சட்டம் இல்லாமலில்லை. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தையே. வேறு சாட்சி இல்லாவிட்டாலும், குழந்தையின் வாக்குமூலத்தை மட்டுமே கொண்டு கோர்ட்டு தண்டிக்கலாம். விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. குழந்தை, குற்றஞ்சாட்டப்பட்டவன் முகத்தைப் பாராமல் திரைக்குப் பின்னிருந்து சாட்சி சொல்ல 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. பெரியவர் ஒருவர் உடனிருக்கவும் இடமுண்டு. குழந்தையின் பெயரையோ படத்தையோ பத்திரிகைகள் வெளியிடுவதை 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் தடுக்கிறது. ஆகவே, பேர் கெடுமென்ற பயம் வேண்டாம். பேரைக் கெடுப்பது லயத்து வம்புப் பேச்சுதான்.

சட்டம் கோர்ட்டுக்குள்தான் துணை நிற்கும். கோர்ட்டு வாசல் வரை யார் துணை? நாம்தான்.

ஜித்ரா வட்டாரத் தோட்டக் கமிட்டிகளுக்கு நாம் சொல்வது இதுவே. செய்தி வந்தவுடன் குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல், அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் அழைத்துச் செல்லுங்கள். 15999 என்ற அரசாங்க உதவி எண்ணையும் அழைக்கலாம். ஆளாளுக்குக் குழந்தையை விசாரிக்க வேண்டாம். சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். புகார் எழுதக் கிராணிமார் உதவட்டும். அரசாங்கச் சட்ட உதவி இலாகாவில் குழந்தைக்குச் சட்டத் துணை கேட்டு மனுச் செய்யுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பெண் அங்கத்தினர் கூடப் போகட்டும். இழந்த கூலியைக் கமிட்டி நிதியிலிருந்து ஈடு செய்யுங்கள். சம்பளத்துடன் விடுப்புக் கேட்டு நிர்வாகத்திடம் பேசுங்கள்.

கோயில் முன்றிலில் கூடிப் பணம் கொடுத்துத் தீர்க்கும் வழக்கு இதுவல்ல. குற்றஞ்சாட்டப்பட்டவர் நம் சங்கத்து அங்கத்தினராக இருந்தாலும், மண்டோராக இருந்தாலும், குற்றவாளியா இல்லையா என்பதைக் கோர்ட்டு முடிவு செய்யட்டும். சமரசம் பேசச் சங்கத்தின் பெயரை எவரும் எடுக்கக் கூடாது.

சம்பள உயர்வுக்கு மட்டுமா சங்கம்? அடுத்த தவணைக்கு அந்தத் தாய் பஸ் ஏறும்போது பக்கத்து இருக்கை காலியாக இருந்தால், நம் ஒற்றுமை வெறும் பேச்சே.