வயது எங்கிருந்து வருகிறது?

சமூகப்பணி முதுகலைப் படிப்பின் தொடக்கத்திலேயே மனித வளர்ச்சி பற்றிய தாள் ஒன்று வந்துவிடுகிறது. கருவில் தொடங்கி முதுமையில் முடியும் அந்தத் தாளை மாணவர்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே மனத்தில் ஏற்றிக்கொள்கின்றனர். இடப்பக்கம் வயது, வலப்பக்கம் எரிக் எரிக்சன் சொன்ன நெருக்கடி. ஆறு முதல் பன்னிரண்டு வரை செயலூக்கமா தாழ்வுணர்ச்சியா. பதின்வயதில் அடையாளமா குழப்பமா. அறுபதைத் தாண்டினால் நிறைவா விரக்தியா. வலப்பக்கத்தைப் பற்றி வகுப்பறைகளில் நிறையவே விவாதம் நடக்கிறது. இடப்பக்கத்தை எவரும் கேள்வி கேட்பதில்லை. வயது என்பது இயற்கை எழுதித் தந்த எண் என்று ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே நம்பிவிடுகின்றனர்.

ஹைதராபாத்தின் காஞ்சன்பாக் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம். பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்கள், பாரத் டைனமிக்ஸ், மிதானி ஆகியவை அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் ஊழியர் குடும்பங்களில் பாடநூலின் அட்டவணை ஏறத்தாழ அப்படியே நடக்கிறது. குழந்தை உரிய வயதில் கேந்திரிய வித்யாலயாவில் சேர்கிறது; பதின்வயதில் நுழைவுத்தேர்வு; தந்தைக்கு அறுபதில் பணி ஓய்வு. சுற்றுச்சுவருக்கு அப்பால் ஹாபிஸ் பாபா நகரும் சந்திராயன்குட்டாவும் தொடங்குகின்றன. அங்கே நாட்கூலியிலும் வீட்டில் இருந்தபடி செய்யும் துண்டு வேலையிலும் வாழும் குடும்பங்கள் ஏராளம். துண்டு வேலைக்கு ஓய்வு வயது கிடையாது. கண் மங்கும்போது வேலை தானாக நிற்கும். சுவரின் இருபுறமும் உடல்கள் ஒரே வேகத்தில்தான் வளர்கின்றன. பருவங்களைப் பிரித்துக் கொடுப்பவை பள்ளியும் சம்பளப் பட்டியலும் ஓய்வூதிய ஆணையும்தான்.

இது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று. 2015 ஜனவரியில் ஹைதராபாத் பழைய நகரின் பவானி நகர்ப் பகுதியில் காவல்துறை நடத்திய சோதனையில், வளையல் பட்டறைகளில் அடைபட்டிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் மீட்கப்பட்டனர். பெரும்பாலோர் பீகாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். இப்படி மீட்கப்படும் ஒரு சிறுவன் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படும்போது எழும் முதல் கேள்வி அவன் வயது என்ன என்பதே. பார்த்த மாத்திரத்தில் ஐயம் எழுமானால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 94, விடை தேடும் வரிசையைத் தருகிறது. முதலில் பள்ளிச் சான்று. அது இல்லையேல் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று. அதுவும் இல்லையேல் எலும்பு முதிர்ச்சிச் சோதனை. அதாவது பள்ளிக்குச் செல்லாதவனுக்கு ஆவண வயதும் கிடைப்பது அரிது. அவன் ஊடுகதிர்ப் படத்தை நம்பி நிற்க வேண்டும். அந்தப் படமோ இரு பக்கமும் இரண்டாண்டு பிழைக்கு இடம் கொண்டது என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே, ஜெயமாலா வழக்கில், குறிப்பிட்டுவிட்டது. பதினான்குக்குக் கீழ் என்றால் ஒரு சட்டம், மேல் என்றால் வேறொன்று; பதினெட்டைத் தாண்டினால் குழந்தையே அல்லன். நான்காண்டு அகலமுள்ள ஓர் ஐயத்துக்குள் ஒருவனுடைய குழந்தைப் பருவம் முழுவதும் தொலைந்துபோகலாம். அட்டவணையை மட்டும் கற்ற மாணவர் அங்கே என்ன செய்வார்?

எரிக்சனைக் குறை சொல்லிப் பயனில்லை. 1950இல் வெளியான அவருடைய முதல் நூலில் பைன் ரிட்ஜின் சியூ மக்களும் கலிபோர்னியாவின் யூரோக் மீனவர்களும் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கின்றனர். களத்துக்குப் போய் எழுதியவர் அவர். களத்தை உதிர்த்துவிட்டுக் கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டவை பிற்காலப் பாடக்குறிப்புகள். உள்ளூர் மரபை மாற்றாக முன்வைப்போரும் சற்று நிதானிக்க வேண்டும். உலா இலக்கியத்தின் ஏழு பருவங்கள் பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில், நாற்பது வயதில், முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை. எந்த அட்டவணையும் அதை வரைந்தவரின் பார்வை எட்டும் தொலைவில் நின்றுவிடுகிறது.

காஞ்சன்பாக்கிலேயே இன்னொரு பாடமும் கிடக்கிறது. 1982இல் அங்குள்ள ஏவுகணை ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற அப்துல் கலாம் பின்னாளில் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்ன நிகழ்வு அது. ஹைதராபாத்தின் நிஜாம் மருத்துவ நிலையத்தில் போலியோ பாதித்த சிறுவர்கள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் கவசங்களைக் காலில் இழுத்துக்கொண்டு நடந்தனர். அக்னி ஏவுகணைக்கு உருவாக்கிய கார்பன் கலவைப் பொருளைக் கொண்டு அந்தக் கவசம் ஏறத்தாழ 300 கிராமாகக் குறைக்கப்பட்டது. பொதுவாக இது அறிவியலின் மனிதநேயத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. வளர்ச்சி உளவியல் வகுப்பில் இதை வேறுவிதமாகப் படிக்கலாம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடியாட மறுத்து மூலையில் உட்கார்ந்திருந்தால், அட்டவணை அதைத் தாழ்வுணர்ச்சி என்று குறித்துக்கொள்ளும். ஆற்றுப்படுத்துநர் அவளுடைய மனத்தில் காரணம் தேடுவார். காரணம் காலில், கிலோ கணக்கில், கட்டப்பட்டிருந்தது.

பருவங்களே கற்பனை என்று இதற்குப் பொருளன்று. கைக்குழந்தைக்குப் பற்றுறவு வேண்டும். பதின்வயது மூளை இன்னும் முதிரவில்லை. இவை சுவரின் இருபுறமும் உண்மை. அதனால்தான் பருவம் மறுக்கப்படுவது இழப்பாகிறது. ஆனால் அந்த இழப்பை விடைத்தாள் கேட்பதில்லை. எட்டுப் பருவங்களை விளக்கச் சொல்லிப் பதினைந்து மதிப்பெண் தரும் தாளில், களப்பணியில் சந்தித்த ஒருவருக்கு எந்தப் பருவம் கிடைக்கவில்லை, அதை யார் எடுத்துக்கொண்டார்கள், எந்தச் சான்று இல்லாததால் எடுத்துக்கொள்ள முடிந்தது என்று ஒரு வினாவுக்காவது இடமிருக்க வேண்டும். அதற்கு விடை எழுத மாணவருக்குப் பாடக்குறிப்புப் போதாது. பிரிவு 94ஐயும், பேருந்து ஏறி ஹாபிஸ் பாபா நகருக்குப் போகும் வழியையும் தெரிந்திருக்க வேண்டும்.