எச்சரிக்கை நின்றது, பிழை நிற்கவில்லை

‘சார், வார்னிங் போயிடுச்சு.’

டிரைவர் எழுதுகிறவர்கள் தொழிலில் இதைவிட ஆபத்தான நல்ல செய்தி கிடையாது என்று இன்று சொல்வேன். அன்று, ‘சரி, சேர்த்துடுப்பா’ என்றேன். அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தவன் நான்தான். ஆகவே இங்கே விழும் திட்டில் முதல் பங்கு எனக்கு.

ஒரு கருவி, செயலியைத் தொந்தரவு செய்யாமல் தானே நினைவகத்தில் தரவை எழுதுவதுதான் டி.எம்.ஏ. டிரைவர் அதனிடம் இரண்டைச் சொல்கிறது: எந்த முகவரி, எத்தனை பைட். அந்த ‘எத்தனை’க்குக் கருவியில் ஒரு ரெஜிஸ்டர் உண்டு. அது 16 பிட் என்றால் 65,535க்கு மேல் அதில் கொள்ளாது. லினக்ஸ் கர்னலுக்கு இது தானாகத் தெரியாது. ‘டி.எம்.ஏ. செட் மேக்ஸ் செக் சைஸ்’ என்ற ஃபங்ஷன் வழியாக டிரைவர்தான், ‘ஒரே துண்டாக இவ்வளவுதான் தாங்கும்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கர்னல் 65,536 என்று வைத்துக்கொள்கிறது. துண்டு அதைத் தாண்டினால், டி.எம்.ஏ. பிழை கண்டுபிடிக்கும் வசதியை இயக்கியிருந்தால், லாகில் எச்சரிக்கை விழும்.

எங்களுக்கு விழுந்தது. தம்பி இன்னொரு டிரைவரில் பார்த்த வரியை எடுத்துப் போட்டான்: வரம்பு 429,49,67,295. அதாவது 32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண். எச்சரிக்கை நின்றுவிட்டது. எங்கள் கருவியின் ரெஜிஸ்டர் 16 பிட். அதை அவனும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அது பாலங்களின் அதிர்வைப் பதியும் கருவி. சில மாதம் கழித்துப் புதிய போர்டுக்கு மாறினோம். அதில் ஐ.ஓ.எம்.எம்.யூ. இருந்தது. சிதறிக் கிடக்கும் நினைவகப் பக்கங்களைக் கருவியின் கண்ணுக்கு ஒரே தொடராகக் காட்டும் வன்பொருள் அது. எவ்வளவு நீளத்துக்கு ஒட்டலாம் என்று கர்னல் பார்த்தது நாங்கள் அறிவித்த எண்ணைத்தான். நம்பி ஒட்டியது. 81,920 பைட் ஒரே துண்டாகப் போனது. மேல் பிட் வெட்டுப்பட்டு, ரெஜிஸ்டரில் விழுந்தது 16,384. கருவி அவ்வளவை மட்டும் எழுதிவிட்டு ‘முடிந்தது’ என்றது. மீதி 65,536 பைட்டில் சற்று முன் பதிந்த பழைய அதிர்வு அப்படியே கிடந்தது.

பிழைச்செய்தி எதுவுமில்லை. கோப்பு சரியான அளவு, வரைபடம் அழகு. லாரி பாலத்தில் ஏறிய நேரத்தில் காலிப் பாலத்தின் அதிர்வு இருந்தது. அந்தக் கோப்பைப் பார்த்து ஒரு பொறியாளர் ‘பாலம் உறுதி’ என்று எழுதியிருந்தால்? நல்ல வேளை, அலைவடிவம் திரும்ப வருவதை ஒருவர் கவனித்துவிட்டார்.

‘எல்லா டிரைவர்லயும் இப்படித்தானே இருக்கு’ என்பார்கள். கிராஃபிக்ஸ் டிரைவர்கள் பலவற்றில் அந்த எண் இருக்கிறது. சொந்தப் பக்க அட்டவணை வைத்திருக்கும் சிப்புக்குத் துண்டின் நீளம் பொருட்டல்ல. அங்கே அது உண்மை. எங்களிடம் வந்ததும் பொய்யானது.

‘அப்போ டிஃபால்ட்டையே விட்டிருக்கலாமே?’ அதுவும் தப்பு. 65,536ஐ 16 பிட்டில் எழுதினால் விழுவது பூஜ்யம். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 8237 சிப், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வைத்துக்கொள்ளும். அதனால் அதில் 65,536 முழுசாக அடங்கும். ராஸ்பெர்ரி பையில் இருக்கும் பி.சி.எம். 2835இன் லைட் சேனல்களுக்கு, லினக்ஸ் டிரைவர் வைத்திருக்கும் வரம்பு 65,536இல் 4 குறைவு. ஒரு பைட், நாலு பைட் வித்தியாசத்தை யாரோ கையேட்டைத் திறந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

‘பெரிய எண் போட்டால் வேகம் கூடுமே’ என்பது மூன்றாவது சமாதானம். மூட்டையில் 50 கிலோதான் கொள்ளும் என்றால், மேலே 500 என்று எழுதிவிட்டால் லாபமா? வரம்பு என்பது நம் ஆசை அல்ல, வன்பொருளின் வாக்குமூலம். கர்னலின் மற்ற பகுதிகள் அதை நம்பித்தான் வேலை செய்கின்றன.

இப்போது என்னிடம் வரும் திருத்தத்தில் வரம்பு எண்ணுக்கு மேலே, ரெஜிஸ்டரின் அகலமும் கையேட்டின் பக்க எண்ணும் கமெண்ட்டாக இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறேன். சோதனைக்கு முன் நினைவகம் முழுவதையும் தெரிந்த ஒரு எண்ணால் நிரப்பச் சொல்கிறேன். கருவி எழுதாமல் விட்ட இடம் அப்போது பல்லை இளிக்கும். ‘இவர் ரொம்பப் படுத்துறாருப்பா’ என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும்.