முதல் 15 ஓவர்களும் நமது கடைகளும்

1996 உலகக் கிண்ணப் போட்டியை நம்மவர்கள் இன்னும் மறக்கவில்லை. தேநீர்க் கடையில் அந்தக் கதை எழுந்தால் ஜயசூரியவின் அடிகளைப் பற்றித்தான் பேச்சு. அதில் வியாபாரிக்கு உள்ள விடயத்தைப் பேசுவோர் குறைவு.

முதல் 15 ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே 2 களத்தடுப்பாளர்கள் மட்டுமே நிற்கலாம் என்பது அன்றைய விதி. இது எல்லா அணிகளுக்கும் பொதுவானது. இரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் பெரும்பாலான அணிகள் புதுப்பந்துக்குப் பயந்து விக்கெட்டைக் காப்பாற்றிக் கொண்டு, கடைசி ஓவர்களில் அடித்தாடுவதையே வழக்கமாகக் கொண்டிருந்தன. 1992இல் நியூசிலாந்தின் மார்க் கிரேட்பெட்ச் ஆரம்பத்திலேயே அடித்துப் பார்த்தார். இலங்கை அணி அதையே முழுத் திட்டமாக்கியது. 1995-96 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் களுவிதாரண மேல் வரிசைக்கு அனுப்பப்பட்டு ஜயசூரியவுடன் ஜோடி சேர்ந்தார். உலகக் கிண்ணத்தில், டில்லியில் இந்தியா 271 ஓட்டங்கள் எடுத்தபோது, பதிலுக்கு நம்மவர்கள் முதல் 3 ஓவர்களிலேயே 42 ஓட்டங்களை அடித்தார்கள். 6 விக்கெட்டுகளால் வெற்றி.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனது கண்ணில் படுவது வேறு. அரையிறுதியில் இருவரும் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தனர். இறுதியாட்டத்தில் ஜயசூரிய 9, களுவிதாரண 6. இரண்டிலும் இலங்கையே வென்றது. பின்னால் குருசிங்க, அரவிந்த, ரணதுங்க, மகாநாம என்று ஒரு வரிசை காத்திருந்தது. லாஹூர் இறுதியாட்டத்தில் அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. அந்த வரிசைதான் அணியின் கைமுதல். முன்னால் போன இருவரும் விழுந்தாலும் அணி விழாது. அரையிறுதியில் சறுக்கியதற்காக இறுதியாட்டத்தில் அவர்களை இடம் மாற்றவுமில்லை.

நமது கடைத்தெருவில் இரண்டும் தலைகீழ். புதிதாக ஒன்று செய்ய நினைப்பவர் வயல் காணியை ஈடு வைத்து, உள்ள முதலையெல்லாம் ஒரே சரக்கில் போடுகிறார். அதைத் துணிச்சல் என்று என்னால் சொல்ல முடியாது. மற்றவரோ, மகன் அல்லது கடைப் பையன் ஒரு யோசனை சொன்னால், "வாப்பா காலத்திலிருந்து இப்படித்தான்" என்று வாயை அடைத்துவிடுகிறார். தப்பித்தவறி இடம் கொடுத்து 10,000 ரூபா நட்டப்பட்டால், அடுத்த பெருநாள் வரை சொல்லிக்காட்டல். பிறகு அந்தப் பையன் வாய் திறப்பானா?

அரிசி ஆலை வைத்திருப்பவர் 100 மூடையில் 5 மூடையை மட்டும் சிறு பொதிகளாக்கிச் சொந்தப் பெயரில் விற்றுப் பார்க்கலாம். மருதமுனையில் சாரன் நெய்பவர் ஒரு தறியில் மட்டும் புதிய டிசைன் போடலாம். அது நட்டப்பட்டாலும் மற்றத் தறிகள் ஓடும். ஆனால் அந்த ஒரு தறியை இரண்டு மூன்று தரமாவது ஓடவிட வேண்டும், அதுவும் தொடங்கியவரின் கையிலேயே.

அடுத்த கடைக்காரர் பார்த்துச் செய்துவிடுவாரே என்று கேட்பீர்கள். செய்வார்தான். 1996க்குப் பிறகு மற்ற அணிகளும் முதல் 15 ஓவர்களில் அடிக்கத் தொடங்கின. அதற்குள் கிண்ணம் கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தது.