கை தூக்கினால் பகை!

பொதட்டூர்பேட்டை போன்ற தறி ஓடும் ஊர்களில் திருவிழாக் கமிட்டிக்கு ஆள் எடுக்கணுமா? ‘கை தூக்குங்க’ என்றால் போச்சு! தூக்காத மாமனை மச்சான் அடுத்த திருவிழா வரை மறக்கமாட்டார்.

இதை உத்திரமேரூர்க்காரர்கள் 1,100 வருடங்களுக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டின்படி, ஊரில் 30 குடும்புகள். தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரமறியாத சிறுவன் எடுப்பான். முந்தைய 3 ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவர் உறவினருக்கும் இடமில்லை! யார் யாரை ஒதுக்கினார் என்ற பேச்சே எழாது.

நமக்குக் குடம்கூட வேண்டாம். மடித்த சீட்டும் மூடிய டப்பாவும் போதும். பதவி ஒரு வருஷம். உறவு ஆயுசுக்கும் அல்லவா!