திருந்திவிட்டேன் என்று வருகிறவன்



கே. பாலசந்தரின் 'அவர்கள்' படம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1977-இல் வந்தது. கமல்ஹாசன் பேசும் பொம்மை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்தாரே, அதே படம்தான். பொம்மையை மறக்காத நாம், சுஜாதா நடித்த அனுவை எவ்வளவு நினைவு வைத்திருக்கிறோம்? இந்த முறை அவளைப் பற்றிப் பேசுவோம்.

அனுவின் கணவன் ராமநாதன். ரஜினிகாந்த் நடித்த பாத்திரம். குடித்துவிட்டுத் தெருவில் புரளுகிறவன் அல்ல அவன். படித்தவன், நல்ல உத்தியோகத்தில் இருப்பவன். வார்த்தையாலும் சந்தேகத்தாலும் மனைவியைக் கொஞ்சம் கொஞ்சமாக வதைத்து, அதில் இன்பம் காண்கிறவன். அனு மணவிலக்குப் பெற்று, கைக்குழந்தையோடு சென்னைக்கு வந்து, வேலை தேடிக்கொண்டு, அப்பாடா என்று மூச்சு விடுகிறாள். பழைய காதலன் பரணியோடு புது வாழ்வும் கூடிவரும் போலிருக்கிறது. அந்த நேரம் பார்த்து ராமநாதன் வந்து சேருகிறான். கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. திருந்திவிட்டதாகச் சொல்கிறான். அனுவின் மனமும் இளகுகிறது. பரணி விலகிப் போகிறான். அதன் பிறகுதான் தெரிகிறது, அவள் இன்னொருவனோடு நன்றாக வாழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவன் வந்தான் என்று!

முழுக் கதையையும் சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதீர்கள். படம் பழசு, ஆனால் இந்த வித்தை பழசாகவில்லை. அடிப்பான், மறுநாள் அழுவான், சம்பளத்தன்று மல்லிகைப்பூவும் மீ கோரெங் பொட்டலமும் வாங்கி வருவான். இரண்டு வாரம் வீடு சொர்க்கமாக இருக்கும். பிறகு ஒருநாள் குழம்பில் உப்பு கூடிவிடும். வேண்டாம் என்று அம்மா வீட்டுக்குப் போனவளைத் தேடி, பெரியவர்கள் நாலு பேரை அழைத்துக்கொண்டு வருவான். "பிள்ளைகள் முகத்தைப் பாரம்மா" என்பார்கள். அவளும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்புவாள். எத்தனை குடும்பங்களில் பார்த்திருக்கிறோம்!

தோட்டத்து லயத்தில் இருந்தபோது ஒரு பலகைச் சுவர்தான் நடுவில். சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டியாவது வந்து கதவைத் தட்டுவார். கிள்ளானில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகு, இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பது யாருக்குத் தெரியும்?

நம் சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1984-இல் வந்த 'சிறை'யை எடுத்துக்கொள்ளுங்கள். அனுராதா ரமணனின் கதை, ஆர்.சி. சக்தி இயக்கினார். கெடுக்கப்பட்ட பாகீரதியைக் கணவன் கைவிட்டு ஓடிவிடுகிறான். அவள் கெடுத்தவன் வீட்டிலேயே போய் உட்காருகிறாள். லட்சுமியின் நடிப்பை நான் குறை சொல்லமாட்டேன். கைவிட்ட கணவன் கட்டிய தாலியை அவள் உதறும் இடம் யாரையும் உலுக்கும். ஆனால் அந்தப் பாவி நாளடைவில் உத்தமனாகிவிடுவது கதாசிரியை கொடுத்த வரம். வீட்டுக்குள் அப்படி வரம் கொடுக்க யாரும் இல்லை. அதே ஆண்டு பாரதிராஜாவின் 'புதுமைப் பெண்'ணில், சிறையிலிருந்து தான் மீட்ட கணவனே தன்னைச் சந்தேகப்பட்டதும் ரேவதி படியிறங்கிப் போய்விடுகிறாள். எனக்கு அந்த நடைதான் பிடித்தது.

பொறுத்துக்கொண்டே இருந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஓர் உண்மைக் கதை இருக்கிறது. பஞ்சாபிலிருந்து இங்கிலாந்துக்கு 1979-இல் மருமகளாகப் போனவர் கிரண்ஜித் அலுவாலியா. பத்து ஆண்டுகள் அடியும் சூடும். இரண்டு முறை நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கியும் வாழ்க்கை அதே வீட்டில்தான் ஓடியது. 1989-இல் ஓர் இரவு, தூங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீ வைத்தார், அவன் இறந்தான். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பெண்கள் சங்கத்தார் விடாமல் போராடியதால் 1992-இல் விடுதலையானார். ஐஸ்வர்யா ராய் நடித்து 'ப்ரவோக்ட்' என்ற பெயரில் 2006-இல் படமாக வந்தது. தீயைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். அதற்கு முந்திய பத்து ஆண்டுகளை அல்லவா பார்க்கவேண்டும்.

நம் நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1996-இல் நடப்புக்கு வந்தது. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்று தயங்காதீர்கள். சமய முறைப்படி திருமணம் நடந்திருந்தால் சட்டம் உங்களையும் காக்கும். மணவிலக்கான பிறகு தொல்லை கொடுப்பவனுக்கும் அது பொருந்தும். வீட்டை விட்டுப் போகவேண்டியவள் பெண்தான் என்பதும் இல்லை. அவனை வெளியேற்றவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். 2018 முதல் சமூகநல அதிகாரியே ஏழு நாளைக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரமுடியும். 15999 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். பெட்டாலிங் ஜெயாவில் 1982-இல் தொடங்கிய பெண்கள் உதவிச் சங்கம், அடைக்கலம் தேடி வருகிறவர்களைப் பிள்ளைகளோடு ஏற்றுக்கொள்கிறது. புறப்படும் நேரம்தான் ஆபத்து அதிகமான நேரம். அதனால் அவனிடம் சவால் விட்டுக் கிளம்பாதீர்கள். அடையாளக் கார்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. 'அவர்கள்' படத்தில் லீலாவதி அம்மாள் ராமநாதனின் தாயாக வருகிறார். மகன் செய்த கொடுமைக்கு ஈடுசெய்ய, மருமகளின் வீட்டில் வேலைக்காரியாக இருந்து பேரனைப் பார்த்துக்கொள்கிறார். கடைசியில் அனு எல்லாரையும் விட்டு ரயிலேறும்போது, அவளோடு போவது பரணியும் இல்லை, பொம்மைக்காரனும் இல்லை. மகனை விட்டுவிட்டு இந்த அம்மாள்தான் கூடப் போகிறார்.